அம்பு தேடு படலம்

அமெரிக்கப் புறநகர் வீட்டுக் கொல்லையில் நடுவயது ஆசாமி ஒருவர் முட்டி போட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, புல்லை விரலால் கோதிக்கொண்டிருந்தால் பதறிப்போய் 911-ஐக் கூப்பிட்டுவிடாதீர்கள். நெஞ்சுவலி எல்லாம் இல்லை. வில்வித்தை பயில்கிறார். அம்பு விட்டது ஒரு நொடி வேலை. இப்போது நடப்பது அதன் பாக்கி.

மிச்சிகன் மாநிலத்தில் இருந்தபோது இந்த இனத்தை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பல கோடைகள் கவனித்திருக்கிறேன். மரவேலிதான். பலகையில் அங்கங்கே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் உண்டு, கவனிப்பதற்கு வசதி. ஓட்டைகள் எப்படி வந்தன என்பதும் இந்தக் கட்டுரையைச் சேர்ந்த விஷயம்தான்.

இவர் வீட்டுக்கு வில் வந்தது பெரும்பாலும் பெண்ணை முன்னிட்டு. 2012-ல் ‘ஹங்கர் கேம்ஸ்’, ‘பிரேவ்’ என்று வில்லேந்திய பெண்களின் படங்கள் அடுத்தடுத்து வந்தன. அமெரிக்கா முழுக்கச் சிறுமிகள் வில் கேட்டார்கள். அப்பாக்கள் வாங்கிக் கொடுத்தார்கள். பெண் நாலு நாள் எய்தாள், முழங்கையின் உட்புறத்தில் நாண் சுளீரென்று அடித்துக் கன்றிப்போனதும் வயலினுக்கு மாறிவிட்டாள். வில்லைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்த அப்பா, கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பெண் படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டாள். அப்பா இன்னும் கொல்லையில்தான் இருக்கிறார்.

இந்த வயதில் எதற்கு என்று கேட்டால் பதில் தயார். நடிகை ஜீனா டேவிஸ் நாற்பது வயதுக்குமேல்தான் வில்லெடுத்தார். 1999-ல் சிட்னி ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணித் தேர்வில் அரையிறுதிச் சுற்று வரை போனார். அத்தனையும் உண்மை. இதை மனைவியிடமும் சொல்லியிருக்கிறார். “அவங்க சிட்னிக்குப் போகப் பார்த்தாங்க. உன் அம்பு பக்கத்து வீட்டுக்குப் போகாமப் பார்த்துக்கோ, அது போதும்” என்று அந்த அம்மாள் சொன்னது ஓட்டை வழியாகத் தெளிவாகவே கேட்டது.

ஒலிம்பிக்கில் இலக்கு 70 மீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவட்டத்தின் குறுக்களவு 12.2 சென்டிமீட்டர். இவர் கொல்லையில் 18 மீட்டர். அதற்குமேல் போனால் சமையலறையில் நின்று எய்ய வேண்டும். ஆனாலும் தூரத்தை வைத்து இவரை எடைபோடக் கூடாது. புல்தரையில் வில் பிடிப்பது அமெரிக்கர்களின் பழைய பித்து. மோரிஸ் தாம்ப்சன் என்பவர் 1878-ல் வில்வித்தையை வானளாவப் புகழ்ந்து ஒரு புத்தகம் போட்டார். மறுவருடமே இண்டியானாவில் தேசிய வில்லாளர் சங்கம் முளைத்துவிட்டது. அப்போது தரை தொடும் பாவாடையோடு சீமாட்டிகளும் எய்தார்கள். அவர்கள் வைத்திருந்தது மரவில். இலக்குத் தவறினால் அம்பு கொஞ்ச தூரம் போய் அலுத்து விழும், வேலைக்காரப் பையன் எடுத்து வருவான்.

வினை வந்தது 1969-ல். மிசௌரிக்காரர் ஹாலஸ் ஆலன், வில்லின் இரண்டு நுனியிலும் கப்பிகளைப் பொருத்திக் காப்புரிமை வாங்கினார். இந்தக் காம்பவுண்ட் வில்லை இழுக்கத் தொடங்கும்போதுதான் கனம். முழுக்க இழுத்தபின் கப்பி உருண்டு, கையில் நிற்கும் பாரம் கால்வாசியாகக் குறைந்துவிடும். வாரம் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்கூட நிதானமாகக் குறிபார்த்துக்கொண்டு நிற்கலாம். விட்டால் விநாடிக்கு 300 அடி. தோள்பலம் இல்லாதவனின் அம்பு தூரம் போகாது என்று இயற்கை வைத்திருந்த காவலை ஆலன் எடுத்துவிட்டார். என் வேலியில் இருந்த ஓட்டைகளுக்கு மூலகாரணம் அவர்தான் என்று நினைக்கிறேன்.

வேலியைத் துளைத்த அம்பையாவது பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தாழப் போன அம்புதான் மனிதனைக் கொல்லும். அது தரையில் குத்தி நிற்காது. புல்லுக்கு அடியில் நுழைந்து வழுக்கிக்கொண்டே போய், இறகு உட்பட உடம்பை மறைத்துக்கொண்டு கிடக்கும். மேலே நின்று பார்த்தால் ஒரு புல் கலைந்திருக்காது. காலால் துழாவுவார், வாருகோலால் குறுக்கே வாருவார், பையனைக் கூப்பிட்டு இலக்கின் பக்கத்தில் நிறுத்தி, எய்த இடத்துக்குப் போய் வெறும் கையை நீட்டிக் கோணம் பார்ப்பார். கிடைக்காத அம்பை அடுத்த வாரம் புல்வெட்டி கண்டுபிடிக்கும். அது கண்டுபிடித்தால் ஒன்றாக இருக்காது, நாலாக இருக்கும்.

இதற்கு நடுவில் காட்டு இலை வண்ணம் பூசிய அம்புகளை வாங்கி வந்தார். மான் கண்ணில் படாமல் இருக்கவென்றே அப்படிப் பூசி விற்கிறார்கள். மானைப் பற்றித் தெரியவில்லை, அவர் கண்ணில் படவில்லை. அடுத்து, கண்ணைக் குத்தும் பச்சையில் இறகு. அதற்கடுத்து, நாணைக் கவ்வும் வால்முனையில் பேட்டரி வைத்து, விட்டவுடன் எரிகிற விளக்கு. அந்தி நேரத்தில் அம்பு மின்மினியாகப் பறந்து போவது பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் தோட்டத்துப் புதருக்குள் போய் இரவெல்லாம் எரிந்தது. கடைசியில் உலோகம் கண்டறியும் கருவி வந்தது. கார்பன் தண்டுக்கு அது வாய் திறக்காது, எஃகு முனைக்குக் கத்தும். அன்று தொலைத்ததைத் தேடப்போய், போன வருடம் தொலைத்த அம்பு கிடைத்தது. பத்துமுறை நடுவட்டத்தில் அடித்தபோதுகூட அவர் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எய்வது இவருக்கு ஒரு சாக்குதான் என்ற சந்தேகம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

நம் ஊரில் இதைக் கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்டு வளர்ந்தோம். இராமன் விட்ட ஒற்றை அம்பு ஏழு மராமரங்களைத் துளைத்துவிட்டுத் திரும்பி அம்பறாத்தூணிக்கே வந்து சேர்ந்தது என்பது கதை. வேலிக்கு மேலாக ஒருநாள் அவருக்குச் சொன்னேன். ஏழு மரத்தைப் பற்றி அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. “திரும்பி வந்துச்சா?” என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

இலக்கு சமாசாரம் தனி. முதலில் வைக்கோல் கட்டு வைத்தார். சரியாக எய்பவரின் அம்பெல்லாம் நடுவில்தான் படும் என்பதால் நடுவில்தான் வைக்கோல் நைந்து பொத்தலாகும். ஓரத்தில் அடித்தால் அம்பு நிற்கும், நடுவில் அடித்தால் மறுபக்கம் போய்விடும். திறமை வளர வளர நஷ்டம் கூடுகிற விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரியாது. மழையில் வைக்கோல் மக்கி எலி குடியேறியபின், தீவனச் சாக்கில் பழைய துணியை அடைத்துக் கட்டித் தொங்கவிட்டார். அந்தக் குளிர்காலம் வீட்டில் ஒரு ஸ்வெட்டரைத் தேடினார்கள். சாக்குக்குப் பின்னால் அணைப்பாக, குதிரை லாயத்துத் தரையில் விரிக்கும் கனத்த ரப்பர் பாய் வந்தது. விவசாயக் கடையில் “எத்தனை குதிரை?” என்று கேட்டார்களாம். ஒன்று என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பிறகு வந்தது நுரை மான். உள்ளதைப் போலவே கொம்பு, கண், நெஞ்சில் வட்டங்கள். மிச்சிகனில் வில்வேட்டைப் பருவம் அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்கான பயிற்சி என்றார். ஒரு செப்டம்பர் மாலை அசல் மான்கள் இரண்டு வந்து, நுரை மானை முகர்ந்துவிட்டு, அவர் மனைவி வளர்த்த ஹோஸ்டா செடிகளை மொட்டையடித்தன. இவர் வில்லும் கையுமாகப் பொறுமையாக நின்றார், அவை நகர்ந்தால்தான் பயிற்சியைத் தொடர முடியும். அக்டோபரில் நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போய், காட்டில் மரத்தின்மேல் விடியவிடிய உட்கார்ந்துவிட்டு, ஒரு மானையும் பார்க்காமல் வந்து சேர்ந்தார். இடைப்பட்ட நாட்களில் மிச்சமிருந்த ஹோஸ்டாவும் முடிந்திருந்தது.

தவறிய அம்புக்கு ஒருநாளும் இவர் காரணம் இல்லை. காற்று. வெயில் கண்ணில் அடித்தது. நாய் குரைத்தது. இவை ஆரம்ப கட்டத்துக் காரணங்கள். அனுபவம் கூடியபின் “தண்டு விறைப்பு போதலை” என்பார். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு வளைகிறதோ அதுதான் அம்பின் எண். 300 என்றால் விறைப்பு, 500 என்றால் நெளிவு. எய்கிறபோது அம்பு நெளிந்துதான் பறக்கும் என்பதால் வில்லின் வலுவுக்கு ஏற்ற எண் வேண்டும் என்பது வாஸ்தவம். வேலிக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். 400-ல் இருந்து 340-க்கு மாறப்போவதாகச் சொன்னார். மாறினார். புதிய ஓட்டைகள் முன்பைவிட நேர்த்தியாக இருந்தன.

காயம்பட்ட அம்புகள் கார் கொட்டகைக்குப் போகும். அங்கே இவரைப் பார்க்க வேண்டும். கல்லிலோ கம்பத்திலோ மோதிய கார்பன் அம்பைக் காதருகே பிடித்து, மெல்ல வளைத்து, சிறு நெரிசல் சத்தம் வருகிறதா என்று கண்ணை மூடிக் கேட்பார். முறுக்கிப் பார்ப்பார். பஞ்சு உருண்டையால் நீளத்துக்கும் தடவி, எங்காவது நூல் சிக்குகிறதா என்று பார்ப்பார். இதை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். விரிசல் விட்ட கார்பன் அம்பை நாணில் பூட்டி விட்டால், அது சிதறி வில் பிடித்த கையிலேயே சிம்பு சிம்பாக ஏறக்கூடும். வில்லை வெறுமனே இழுத்து விடுவதும் அப்படித்தான். அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய விசை வில்லுக்குள்ளேயே இறங்கி அதை உடைக்கும். விருந்துக்கு வந்த மைத்துனர் ஒருவர் அதைச் செய்து காட்டினார். அடுத்த வருடம் அவருக்கு அழைப்பு இல்லை.

விரிசல் இல்லையென்றால் சிகிச்சை. கிழிந்த இறகைச் சுரண்டி எடுத்து, சின்ன இடுக்கிச் சட்டத்தில் அம்பை நிறுத்தி, ஒவ்வொன்றாக மூன்று இறகு, நடுநடுவே பசை காயக் காத்திருப்பு. முனை நுரைக்குள்ளேயே தங்கிவிட்டால் மானின் வயிற்றில் அறுவை. உள்ளேயிருந்து யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஒரு டஜன் நல்ல அம்பு நூறு டாலரைச் சுலபமாகத் தாண்டும் என்பதால் பழுதுபார்ப்பது சிக்கனம் என்பது அவர் கட்சி. இடுக்கி, பசை, எடைக்கருவி, தண்டு அறுக்கும் ரம்பம் எல்லாவற்றின் விலையையும் மனைவி ஒருநாள் தாளில் கூட்டினார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அதன் பின்பக்கத்தில் அம்பு நீளக் கணக்குப் போட்டார்.

இத்தனைக்கும் மேலே ஒரு கௌரவம் இருக்கிறது. குத்தி நிற்கும் அம்பின் பின்புறத்திலேயே அடுத்த அம்பு போய்ச் செருகிக்கொள்வது. இதற்கு ராபின் ஹூட் என்றே பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவருக்கு அது வாய்த்தது. தெருவே கூடியது. இரண்டு அம்பும் ஒட்டிக்கொண்ட கோலத்தில் கணப்பின் மேல், கல்யாணப் படத்தை அரை அடி தள்ளி வைத்துவிட்டு ஏறி அமர்ந்தன. ஒரே மாதத்தில் இன்னும் இரண்டு ஜோடி இப்படிப் போனதும் முகம் வாடிவிட்டது. ஆறு அம்பு என்றால் அரை டஜன். இப்போது பல புள்ளிகள் உள்ள இலக்குத் தாளை ஒட்டி, புள்ளிக்கு ஓர் அம்பாக, ஒன்றையொன்று தொட்டுவிடாமல் கவனமாக எய்கிறார்.

நான் அந்த ஊரைவிட்டுக் கிளம்புவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, அளவுநாடாவோடு வேலியோரம் வந்தார்.

“கையை ரெண்டு பக்கமும் விரிச்சு நில்லுங்க.”

நின்றேன். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, இரண்டரையால் வகுத்தார்.

“இருபத்தேழு அங்குலம். என் பழைய வில் உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். புதுசு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். நீங்க அதை எடுத்துக்கிட்டா…”

சமையலறை ஜன்னல் திறந்தது. “காசெல்லாம் வேண்டாம், கொண்டுபோகச் சொல்லு” என்றது குரல். “மானையும் சேர்த்து!”