சிம் இல்லாத தூதன்

ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ என்ற குட்டிக் கணினிக்கு 5 வோல்ட் செல்போன் சார்ஜரே போதும். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்துச் சேதியை வாங்கி அனுப்பும் தூதனாக, அதை ஏதாவதொரு பொது வைஃபையில் கோத்துவிட்டு வரத் தம்பிகளுக்கு ஆசை. வைஃபையோ முதலில் கைபேசி எண் கேட்கும், அப்புறம் ஓடிபி. தூதனுக்கு ஏது சிம்? ஆளே போய் ஓடிபியைத் தட்டிவிட்டு வந்தாலும், ரயில் நிலையத்து ரயில்டெல் வைஃபை நாளுக்கு 30 நிமிடம்தான் இலவசம். மீதி 23½ மணி நேரமும் திராட்சை தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் ரயில் தேனியைத் தொட்டுப் போடிக்குத் திரும்பிவிடுகிறது. கம்பத்துக்குத் தண்டவாளமே கிடையாது. திண்டுக்கல்–லோயர் கேம்ப் பாதை மனுக்களில் மட்டும் பல காலமாகத் தடையின்றி ஓடுகிறது. விவசாயி அலட்டிக்கொள்ளவில்லை. சிம் போட்ட மோட்டார் ஸ்டார்ட்டருக்கு ஒரு போன் அடித்தார். மோட்டார் ஓடியது, கரண்ட் இருந்ததால்.