சிங்கிள் ஓனர் பிரிண்டர்

சென்னை ரிச்சி தெருவில் விற்பனைக்கு இருக்கும் பழைய லேசர் பிரிண்டர் எதுவும் இதுவரை உழைத்ததே இல்லை. எல்லாமே யாரோ ஓர் ஆடிட்டர் வீட்டில் துணி போர்த்தி வைத்திருந்தவை. “சிங்கிள் ஓனர் சார், மாசத்துக்கு நாலு பேப்பர்தான்.” கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சடித்துப் பார்த்தால் அதுவரை அச்சான பக்கங்களின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஆடிட்டருக்கு ஆயுசு கெட்டி.

நாமும் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி மேல்நிறத்தையே பார்க்கிறோம். தாளை இழுக்கும் ரப்பர் உருளை வழவழத்துப் போயிருக்கிறதா என்று யாரும் தடவிப் பார்ப்பதில்லை. அச்சான எழுத்தை விரலால் தேய்த்ததும் கரி ஒட்டினால், அதை உருக்கித் தாளில் பிடிக்கவைக்கும் ஃபியூசர் சரியாகச் சூடேறவில்லை என்று பொருள். “கிளைமேட் சார்” என்பார் கடைக்காரர். சென்னையில், சூடு போதவில்லையாம்!

2005இல் வந்த ஹெச்பி லேசர்ஜெட் 1020க்கு இன்னும் மவுசு இருப்பதற்குக் காரணம் அதன் 12ஏ டோனர். கரியைத் தாளில் பதிக்கும் டிரம்மும் அதற்குள்ளேயே அடக்கம்; ரீஃபில் செய்ய ஆளும் எளிதில் கிடைப்பார். ஒரு டோனருக்கு 2,000 பக்கம் என்பது, பக்கத்தில் 5 சதவீதம் மட்டுமே கறுப்பு என்று வைத்துப் போட்ட கம்பெனிக் கணக்கு. பிள்ளையின் ப்ராஜெக்டில் வரும் யானைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கடைக்குப் போகும்போது பத்து வெள்ளைத் தாள் கொண்டுபோய், அத்தனையையும் அச்சடித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பக்கத்திலேயே அடுத்த கடை.