வகுப்புக்கொரு வீடியோ

'அடலசன்ஸ்' தொடரின் இரண்டாம் பகுதியில், கொலை வழக்கை விசாரிக்க இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறார்கள். வாந்தியும் முட்டைக்கோஸும் கலந்து நாறுகிறது என்று முகம் சுளிக்கிறார் சார்ஜென்ட் ஃபிராங்க். (மூன்றாவதாக அவர் சொல்லும் நாற்றத்தைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது.) ஆய்வாளர் பாஸ்கோம்ப் வகுப்புகளைப் பார்த்துவிட்டு, இங்கே எவனாவது எதையாவது படிக்கிற மாதிரியா தெரிகிறது என்று நொந்துகொள்கிறார். அவர் கண்ணுக்கு அது பிள்ளைகளை அடைத்துவைக்கும் பட்டி. எந்த வகுப்பைப் பார்த்தாலும் வீடியோ ஓடுகிறது என்பது அவருடைய புகார்.

தொடரை நாடே பார்த்தது, நாடே பதறியது. வெளியான பதினெட்டாம் நாள் பிரிட்டிஷ் அரசு கூட்டம் போட்டு மருந்தைக் கண்டுபிடித்துவிட்டது. உயர்நிலைப் பள்ளிகளில் இந்தத் தொடரை இலவசமாகப் போட்டுக் காட்டலாம் என்றது நெட்ஃப்ளிக்ஸ். ஆகா என்றார் பிரதமர். அதாவது, வகுப்புக்கு இன்னொரு வீடியோ. இந்த மாத்திரைதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி வாய்விட்டுச் சொல்கிறான். டாக்டர் அதையே இன்னும் ஒரு அட்டை எழுதிக் கொடுக்கிறார்.

பார்க்காதவர்களுக்காக: வடக்கு இங்கிலாந்தில் ஓர் ஊர். விடிகாலையில் கதவை உடைத்துக்கொண்டு வந்து 13 வயது ஜேமி மில்லரைப் போலீஸ் பிடித்துப் போகிறது. உடன்படிக்கும் கேட்டியைக் கத்தியால் குத்திக் கொன்றிருக்கிறான். ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும் எழுதி, பிலிப் பாரன்டினி இயக்கிய நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரே ஷாட். நடுவில் வெட்டு கிடையாது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கேமரா கண் இமைக்காமல் பார்க்கிறது.

அரசு எத்தனை முறை இமைத்தது என்று தெரிந்துகொள்ள, தொடர் வெளியான மாதத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் போதும். 2025 பிப்ரவரி 27, சுபமுகூர்த்தம்: தன்னைப் பெண் வெறுப்பாளன் என்று தானே மார்தட்டிக்கொண்ட இணையப் பிரபலம் ஆண்ட்ரூ டேட், தம்பியோடு தனி விமானம் ஏறி ஃபுளோரிடாவில் போய் இறங்கினார். ருமேனியாவில் அவர் மீது மனிதக் கடத்தல், பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகள் இருக்கின்றன, அவர் மறுக்கிறார், வழக்கு நிற்கிறது, பயணத் தடை விலகிவிட்டது. மார்ச் 7, சந்திராஷ்டமம்: பள்ளியில் கைப்பேசிக்குத் தடை, பிள்ளைகளின் தரவைக் கையாள நிறுவனங்கள் அவர்களிடமே சம்மதம் வாங்கும் வயதை 13லிருந்து 16ஆக உயர்த்துவது என்று கிளம்பிய ஒரு தனிநபர் மசோதா, அரசின் ஆதரவு வேண்டும் என்பதற்காகப் பல்லெல்லாம் பிடுங்கப்பட்டு, ஆராய்வோம் யோசிப்போம் என்ற பொக்கை வாயோடு நாடாளுமன்றத்துக்கு வந்தது. மார்ச் 13: தொடர் வெளியீடு. மார்ச் 19: என் மகனோடும் மகளோடும் சேர்ந்து பார்க்கிறேன் என்று பிரதமர் கியர் ஸ்டார்மர் அதே சபையில் உருகினார். மார்ச் 23: பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் கட்டும் 2 சதவீத டிஜிட்டல் சேவை வரியைப் பற்றி அமெரிக்காவோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்றார் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ். மார்ச் 31: டவுனிங் தெருவில் வட்டமேசை, கவலை, புகைப்படம்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது பழைய வழக்கு. அதில் ஆள் ஒருவன்தான். இங்கே வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கிள்ளுகிறவனோடு வரிக்கணக்கைப் பேசியபடியே இவர்கள் தொட்டிலை ஆட்டுகிறார்கள். (அந்த வரி கடைசியில் தப்பிப் பிழைத்தது. தப்பிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதே கேள்வி.) பிரதமர் பேச்சுவாக்கில் தொடரை 'ஆவணப்படம்' என்று வேறு சொல்லிவைத்தார். நாடகத்தை ஆவணம் என்று நம்புகிறவர், மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த மசோதாவை நாடகம் என்று நினைத்திருக்கலாம்.

கேட்டி ஜேமிக்குப் போட்ட எமோஜி பாஸ்கோம்புக்குப் புரியவில்லை. அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன் ஆடம்தான் பொறுக்கமாட்டாமல் அப்பாவை அழைத்துப் பாடம் எடுக்கிறான். சிவப்பு மாத்திரை என்றால் உண்மையை உணர்ந்தவன். நூறு என்ற எண் 80-20 விதி: நூறில் 80 பெண்கள் 20 ஆண்களையே விரும்புவார்கள், மிச்ச ஆண்களுக்கு விதித்தது 'இன்செல்' பட்டம், வலுக்கட்டாய பிரம்மச்சரியம்.

ஆண்குலத்தின் இந்த விடுதலை வேதம் எங்கிருந்து இறங்கியது என்று பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். சிவப்பு மாத்திரை 1999இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்திலிருந்து எடுத்தது. அதை இயக்கிய வச்சோஸ்கி சகோதரர்கள் இருவரும் பின்னாளில் தங்களைத் திருநங்கைகளாக வெளிப்படுத்திக்கொண்டு இன்று சகோதரிகளாக வாழ்கிறார்கள். 'இன்செல்' என்ற சொல்லின் வேர், 1990களின் பிற்பகுதியில் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண், துணையில்லாமல் தவிக்கும் ஆண் பெண் எல்லோருக்கும் ஆறுதலாக இருக்கட்டும் என்று இணையத்தில் தொடங்கிய பக்கம். 80-20 விதி மட்டும் சுத்தமான ஆண் சரக்கு. இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃப்ரெடோ பரேட்டோ செல்வம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று ஆராய்ந்ததிலிருந்து பிற்காலத்தார் கடைந்தெடுத்தது. ஆக, பெயர் வைத்தது ஒரு பெண், தீர்த்தம் கொடுத்தது இரண்டு பெண்கள், ஆம்பளை போட்ட கணக்கு ஒன்றே ஒன்று. அதுவும் சொத்துக் கணக்கு. பெண்ணை எந்தப் பேரேட்டில் பதிகிறார்கள் என்பது இதற்கு மேலும் விளங்க வேண்டுமா?

இந்தக் கணக்கை 13 வயதுப் பையன் நம்புகிறான். இன்னும் மீசை அரும்பவில்லை, அதற்குள் தன்னைத் தள்ளுபடி சரக்கு என்று முடிவு கட்டிவிட்டான். கேட்டியின் அரை நிர்வாணப் படத்தை இன்னொரு பையன் ஊர் முழுக்கச் சுற்றவிடுகிறான். இந்த அவமானத்தில் இவள் தளர்ந்திருப்பாள், இப்போது கேட்டால் மறுக்கமாட்டாள் என்று ஜேமி கணக்குப் போடுகிறான். அவள் மறுக்கிறாள், அவனை எமோஜியால் கேலியும் செய்கிறாள். மூன்றாம் பகுதியில் உளவியலாளரிடம் அவன் சொல்வதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அன்று இரவு அவளை எங்கு வேண்டுமானாலும் தொட்டிருக்கலாம், தொடவில்லை, மற்றவர்களாக இருந்தால் தொட்டிருப்பார்கள், ஆகவே நான் மேல் என்கிறான். கத்தியால் குத்தியவன், தொடவில்லை என்பதை நன்னடத்தைச் சான்றிதழாக நீட்டுகிறான். அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத்தான் கைப்பேசிக்குள் ஆயிரம் வாத்தியார்கள் காத்திருக்கிறார்களே!

வாத்தியார் என்று சும்மா சொல்லவில்லை. டேட் நடத்திய இணையப் பயிற்சிக் கடைக்குப் பெயரே 'பல்கலைக்கழகம்' என்றுதான் முடியும். மாதம் சுமார் 50 டாலர் கட்டணம். வாத்தியாரின் வீடியோவை வெட்டி ஒட்டி ஊரெல்லாம் பரப்பி, அதைப் பார்த்து இன்னொருவன் பணம் கட்டினால் பரப்பியவனுக்குக் கமிஷன். சங்கிலித் திட்டத்தில் சோப்பு விற்ற காலம் போய் வெறுப்பை விற்கும் காலம் வந்தது. எவ்வளவு நாறினால் அவ்வளவு பார்வை, எவ்வளவு பார்வையோ அவ்வளவு காசு. 2022 ஆகஸ்டில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் எல்லாம் திடீரென்று மூக்கைப் பொத்திக்கொண்டு அவரை வெளியே தள்ளின. அதுவரை அந்த நாற்றத்துக்கு இடையிடையே விளம்பரம் ஓட்டியது யார் என்று எவரும் கேட்கவில்லை. அந்த நவம்பரிலேயே எலான் மஸ்க்கின் ட்விட்டர் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துக்கொண்டது.

வாத்தியாரைத் தள்ளினாலும் பாடம் போகவில்லை. 2024இல் டப்ளின் சிட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெறும் கைப்பேசிகளில் பதின்வயதுப் பையன்கள் பேரில் கணக்குத் தொடங்கி, டிக்டாக்கையும் யூடியூப் ஷார்ட்ஸையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பையன் அந்த மாதிரிச் சரக்கைத் தேடினாலும் தேடாவிட்டாலும், 23 நிமிடத்துக்குள் பெண்ணுக்கு எதிரான வீடியோ வாசலில் வந்து நின்றது. பீட்சாவுக்கே அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

செயலிகள் வருமுன் ஆண்பிள்ளைகள் எல்லோரும் சாதுக்களாக இருந்தார்கள் என்று கதைவிட நான் தயாரில்லை. காரைக்காலில் 2012இல், தன்னை மறுத்த பெண்ணின் முகத்தில் ஆசிட் ஊற்றியவனுக்கு எந்த அல்காரிதமும் தேவைப்படவில்லை. விஷம் பழையதுதான். டோர் டெலிவரிதான் புதிது.

பையன்கள் ஏன் அறைக்குள் போய் அடைந்தார்கள் என்று கேட்டால் பெற்றோர் பக்கம் விரல் நீளுகிறது. பத்திரிகைகள் எமோஜி அகராதி வெளியிட்டன. ராஜ்மா பயறு படம் வந்தால் பதறு, ஊதா இதயத்துக்கு ஒரு பொருள், மஞ்சளுக்கு இன்னொன்று. சரி, படித்தாயிற்று, இனி மகன் ராஜ்மா அனுப்பினால் அப்பா என்ன செய்ய வேண்டும்? சோறு வடிக்கச் சொல்லவா?

ஜேமியின் அப்பா எடி ஒரு பிளம்பர். இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவர். தன் அப்பன் பெல்ட்டைக் கழற்றியவன், நான் என் பிள்ளையைத் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்துக் காப்பாற்றியவர். பையன் கால்பந்தில் சொதப்பியபோது மற்ற அப்பாக்கள் சிரிக்க, வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்; பையன் அதை மறக்கவில்லை. வெளியே திரியாமல் அறையில் கணினியோடு இருக்கிறான், பத்திரமாக இருக்கிறான் என்று அப்பாவும் அம்மாவும் நிம்மதியாகக் கிடந்தார்கள்.

வெளியே போவதென்றால் எங்கே போவான்? 2010க்கும் 2023க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சிகள் நடத்திவந்த இளைஞர் மையங்கள் ஆயிரத்துக்கும் மேல் மூடப்பட்டன. சிக்கனமாம். டேபிள் டென்னிஸ் மேசை, ஒரு கெட்டில் டீ, முகம் வாடியிருந்தால் என்னடா தம்பி என்று கேட்கச் சம்பளத்துக்கு ஓர் அண்ணன்: இதெல்லாம் தண்டச் செலவு என்று கழித்துக்கட்டினார்கள். அண்ணன் நாற்காலி காலியாகக் கிடந்தது. புகாட்டி காரில் வந்து இறங்கி டேட் உட்கார்ந்துகொண்டார். நாற்காலியை விற்றவர்கள் இப்போது வட்டமேசை போட்டு, இவர் எப்படி உள்ளே வந்தார் என்று விசாரிக்கிறார்கள்.

எதிர்த்தரப்பு இன்னும் அழகு. எதிர்க்கட்சித் தலைவர் கெமி பேடனோக் தொடரைப் பார்க்கவேயில்லை; மருத்துவமனைகளின் நிலையை அறிய மருத்துவமனை சீரியல் பார்க்க வேண்டியதில்லை என்று விளக்கமும் சொன்னார். கொலைகாரனை வேண்டுமென்றே வெள்ளைக்காரப் பையனாக மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கட்டுக்கதை கிளம்பியதும் மஸ்க் 'வாவ்' என்று ஒற்றைச் சொல் போட்டு ஊதிவிட்டார். குத்தப்பட்டு ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள். இவர்களுக்குக் குத்தியவனின் தோல் நிறம்தான் உறுத்துகிறது.

2025 செப்டம்பரில் ஒரே இரவில் ஆறு எம்மி விருதுகள். ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு 15 வயது. நடிப்புக்கு எம்மி வாங்கிய ஆண்களில் இவ்வளவு சிறியவர் முன்னால் யாரும் இல்லை. முதல் மூன்று மாதத்தில் 14 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகள். பையனும் தகுதியானவன், தொடரும் தகுதியானது; விருதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சார்ஜென்ட் ஃபிராங்க் தொடரிலேயே எரிச்சலோடு ஒன்றைச் சொல்லிவைக்கிறார்: எல்லோரும் ஜேமியை நினைவில் வைத்திருப்பார்கள், கேட்டியை மறந்துவிடுவார்கள். அப்படியே ஆனது. கேட்டியாக நடித்த பெண்ணின் குரல் பின்னணி இசையில் பாடிக்கொண்டே இருக்கிறது. எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்?

ஜேமிக்கு உளவியலாளர் ஹாட் சாக்லேட் கொண்டுவந்து தருகிறார், சாண்ட்விச்சில் பாதி கொடுக்கிறார். அது அவர் வேலை. கேட்டியின் தோழி ஜேட் என்று ஒருத்தி வருகிறாள். தன்னையும் ஒரு நல்ல மனுஷியாக நினைத்தது கேட்டி மட்டும்தான் என்கிறாள். மைதானத்தில் ஜேமியின் நண்பன் மேல் பாய்ந்து அடிக்கிறாள், இழுத்துப் பிடிக்கிறார்கள், ஓர் ஆசிரியை இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கிறார். பிறகு அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த பீரியட் மணி அடித்திருக்கும். வகுப்பில் வீடியோ போட்டிருப்பார்கள்.