ஸ்டுடியோவில் விழுந்த கராச்சி

பாகிஸ்தானோடு ‘ஆபரேஷன் சிந்தூர்’ சண்டை நடந்துகொண்டிருந்த 2025 மே 8-ம் தேதி இரவு கராச்சி துறைமுகம் பற்றி எரிந்தது. கொளுத்தியது கடற்படை அல்ல, நொய்டாவின் டி.வி. ஸ்டுடியோக்கள். நள்ளிரவு தாண்டுவதற்குள் இஸ்லாமாபாத்தும் கைக்கு வந்துவிட்டது. பாகிஸ்தான் ராணுவத் தளபதியைக் கைது செய்தாகிவிட்டது. மேசையைத் தட்டித் தட்டியே தொகுப்பாளர்கள் பாதி பாகிஸ்தானைப் பிடித்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் துறைமுகம் இருந்த இடத்தில் இருந்தது. தளபதி ஆசிம் முனீரும் இருந்த பதவியில் இருந்தார். அதே மாதம் அவருக்கு ஃபீல்ட் மார்ஷல் பட்டம் வேறு கொடுத்தார்கள். நம் சேனல்கள் கைது செய்த ராசி.

சேனல்களில் சைரன் ஓயாமல் ஊளையிட்டது. மக்கள் கேட்டுக் கேட்டுப் பழகி, நிஜ சைரனையும் அலட்சியம் செய்துவிடுவார்கள் என்று பயந்து, அந்த ஒலியைப் போடாதீர்கள் என்று மத்திய அரசு கேட்டுக்கொண்டது. நியாயமான பயம். பொய்யைக் கேட்டுக் கேட்டு மக்களுக்குச் செய்தியும் மரத்துப்போகுமே, அந்தப் பயம் யாருக்கும் வரவில்லை.

இதே நாட்களில் பூஞ்சில் நிஜமாகவே குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஜம்மு-காஷ்மீரில் எல்லையை ஒட்டிய ஊர். போதிய பதுங்கு குழி இல்லை. மே 7-ம் தேதி பாகிஸ்தானின் ஷெல் வீச்சில் அங்கே பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. செத்தவர்களில் ஒருவர் மதரஸா ஆசிரியர். இந்தியக் குடிமகன், இந்திய மண்ணில், பாகிஸ்தான் குண்டுக்குப் பலியானவர். அவரை நம் சேனல்கள் என்ன செய்தன தெரியுமா? இந்தியா தேடிப்பிடித்துக் கொன்ற தீவிரவாதத் தளபதி என்று படத்தோடு போட்டன. பெயர் போதும், தாடி போதும். விசாரிக்க நேரம் ஏது, விளம்பர இடைவேளை வந்துவிடுமே! கடைசியில் பூஞ்ச் போலீசாரே மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. துக்க வீட்டுக்காரர்கள் அழுவதை நிறுத்திவிட்டு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போரில் குடும்பத்தைப் பறிகொடுப்பவர் ஒருவர், டி.ஆர்.பி. பார்ப்பவர் ஒருவர்.

சரி, தண்டனை யாருக்கு? 8,000-க்கு மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லி எக்ஸ் தளத்துக்கு உத்தரவு போனது. ரஃபேல் விமானம் வீழ்த்தப்பட்டதாக வெளிநாட்டு ஊடகம் சொன்னதை எடுத்து எழுதிய ‘தி வயர்’ தளம் முடங்கியது. அந்தச் செய்தியை எடுத்த பிறகே திரும்பி வந்தது. மூன்று வாரம் கழித்து, விமானங்களை இழந்தது உண்மைதான் என்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகானே ஒப்புக்கொண்டார். எங்கே? சிங்கப்பூரில். வரி கட்டுகிறவனுக்குச் சிங்கப்பூர் வழியாகத்தான் சேதி வர வேண்டும் போல.

இந்தச் சண்டை பற்றி முகநூலில் எழுதியதற்காகப் பேராசிரியர் அலி கான் மஹ்முதாபாத் கைதானார். உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது. சண்டை பற்றி ராணுவத்தின் சார்பில் செய்தியாளர்களுக்கு விளக்கிய கர்னல் சோஃபியா குரேஷியைத் தீவிரவாதிகளின் சகோதரி என்ற பொருள்பட மேடையில் பேசிய மத்தியப் பிரதேச அமைச்சர் விஜய் ஷா மீது வழக்குப் பதியவே உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து உத்தரவிட வேண்டியிருந்தது. எழுதியவர் சிறைக்கு, பேசியவர் அமைச்சரவைக்கு.

மே 10, மாலை 5 மணி. ராணுவத்துக்கு ஆதரவாகச் சென்னையில் முதல்வர் ஸ்டாலின் தலைமையில் பேரணி. அதே 5 மணிக்குச் சண்டை நின்றது. ஸ்டாலினைச் சொல்லிக் குற்றமில்லை. டெல்லி வாய் திறக்கும் முன்பே வாஷிங்டனிலிருந்து ட்ரம்ப் அல்லவா அறிவித்தார்! மூன்றாம் நாளே பா.ஜ.க. மூவண்ணக் கொடியோடு ஊர்வலம் கிளம்பியது. தன் நாளங்களில் ஓடுவது ரத்தமல்ல, கொதிக்கும் சிந்தூரம் என்றார் பிரதமர். இந்திராவாக இருப்பது அவ்வளவு லேசல்ல என்று காங்கிரஸ்காரர்கள் பழைய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போர்நிறுத்தத்தை வாசித்ததற்காக வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரிக்கு வசவு. தேசபக்தர்கள் அவர் மகளைக்கூட விடவில்லை.

இந்தக் கூச்சலில் அமுங்கிப்போன கேள்வி ஒன்றுதான். இந்தச் சண்டைக்கே காரணமான தாக்குதல் நடந்த ஏப்ரல் 22 அன்று அத்தனை சுற்றுலாப் பயணிகள் கூடியிருந்த பஹல்காம் புல்வெளியில் ஒரு காவலர்கூட ஏன் இல்லை? மதம் கேட்டுச் சுட்ட கொலைகாரர்களுக்கு யாரும் பரிந்து பேசவில்லை. 26 பேரைக் காக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்றுதான் கேட்கிறோம். ஜூலையில் ஜம்மு-காஷ்மீர் துணைநிலை ஆளுநர் மனோஜ் சின்ஹா, அது பாதுகாப்புக் குறைபாடுதான், முழுப் பொறுப்பும் என்னுடையது என்றார். பொறுப்பை ஏற்றார். பதவியை விடவில்லை.

ரத்தமும் தண்ணீரும் சேர்ந்து ஓடாது என்று சொல்லி, சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தோம். செப்டம்பரில் ஆசியக் கோப்பை கிரிக்கெட் வந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் துபாயில் ஒரு முறையல்ல, மூன்று முறை மோதின. நம் வீரர்கள் கைகுலுக்க மறுத்தார்கள். வென்ற பிறகு, ஆசிய கிரிக்கெட் கவுன்சில் தலைவராகவும் இருந்த பாகிஸ்தான் அமைச்சர் மொஹ்சின் நக்வி கையால் கோப்பை வாங்கவும் மறுத்தார்கள். ஒளிபரப்புப் பணத்தை வாங்க மட்டும் யாரும் மறுக்கவில்லை.