மூக்குக்காரர்

தம்ளரைக் கையில் கொடுத்தால் குடிக்க மாட்டார், சுழற்றுவார். பணஜியில் காலையில் வேன் ஏறி, முந்திரித் தோப்புக்கு நடுவே ஒரு ஃபெனி காய்ச்சும் கொட்டகைக்குப் போய் இறங்கினால், அங்கேயும் சுழற்றுவார். கொடுத்ததென்னவோ டீக்கடைக் கண்ணாடி தம்ளர். சுழற்றியதில் பாதி என் சட்டைமேல்.

சுழற்றி முடித்ததும் மூக்கை உள்ளே விடுவார். ஃபெனி, மூடியைத் திருகினால் அடுத்த தெருவுக்குச் சேதி போகிற சரக்கு. ஜலதோஷக்காரனுக்கே எட்டும். நம்மவரோ கண்ணை மூடி, கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர் மாதிரித் தலையை ஆட்டி, "வெனிலா... பின்னாடி கொஞ்சம் ஓக்" என்பார்.

ஓக்காம். ஸ்காட்ச் என்றால் சட்டப்படி 3 வருஷமாவது ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும், சரி. இந்தக் கொட்டகையில் மரம் என்று இருந்தது அடுப்பில் எரிந்த விறகுதான். காய்ச்சுகிறவர் பாவம், பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்: முந்திரிப் பழத்தைப் பறிப்பதில்லை, தானாக விழுந்ததைப் பொறுக்குவதுதான், காலால் மிதித்துச் சாறெடுத்து, ஈஸ்ட் கீஸ்ட் எதுவும் போடாமல் இரண்டு மூன்று நாள் புளிக்க விடுவது, செம்புப் பானையில் முதலில் இறங்குவது உர்ராக், மறுபடி காய்ச்சினால் ஃபெனி. யார் கேட்டது? "எத்தனை வருஷத்துச் சரக்கு?" என்றார் நம்மவர்.

"போன வெள்ளிக்கிழமை."

இன்னொரு தடவை மோந்துவிட்டு, "அதான், அந்த இளமை தெரியுது" என்றார்.

நான் பண்ருட்டிப் பக்கம் வளர்ந்தவன். கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிட்டுப் போகிற ஊர். அந்த வாசனை பட்டதுமே தொண்டை கரகரத்தது. பெரியம்மா தோப்பு, சட்டையில் எந்த சோப்புக்கும் போகாத பழக்கறை, அதற்கு வாங்கிய அடி எல்லாம் வந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் "பழைய தோல் செருப்பு" வரைக்கும் போயிருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் மட்டும் கிடைக்கும் உர்ராக்கில் எலுமிச்சை சோடா ஊற்றி, உப்புப் போட்டு, பச்சை மிளகாயைக் கீறிப் போட்டுக் கொடுத்தார்கள். சுழற்ற மறந்து ஒரே மடக்கில் குடித்துவிட்டார். விக்கல். கண்ணில் தண்ணீர். பள்ளிக்கூடப் பையன் மாதிரிச் சிரித்தார். அந்த ஐந்து நிமிஷம் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் பாட்டில் வாங்கப் போனார். வரும் வழியெல்லாம், "2009-லேயே புவிசார் குறியீடு வாங்கின சரக்கு சார், நம்ம ஆளுங்களுக்கு அருமை தெரியல" என்று வகுப்பெடுத்தவர், அம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி இருபது நிமிஷம் நின்றார். விமான நிலையக் கடையில் சிங்கிள் மால்ட்டுக்கு விலைகூடப் பார்க்காமல் கார்டை நீட்டுகிற கை இது. மார்ச்சிலிருந்து அடுப்புச் சூட்டில் நிற்கிற மனுஷனிடம் "லேபிள்கூட இல்லையே" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. காய்ச்சுகிறவர் முகத்தைப் பார்க்காமல் சொன்ன விலையைக் கொடுத்து நானும் ஒன்று வாங்கினேன்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஹோட்டலில் மீன் குழம்பு தீர்ந்துவிட்டது.

திரும்பும்போது அவருடைய பாட்டில் மூடி லேசாகக் கசிந்தது. வேன் முழுக்க அதே வாசனை. ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறக்கச் சொல்லி டிரைவரிடம் கத்தியவர் அவர்தான்.