கத்திக்கு ஒரு பாராட்டு விழா

பழம்புத்தகச் சித்திரங்களுக்கு இப்போது யோகம் அடித்திருக்கிறது. நூறாண்டுக்கு மேல் யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்த ரோஜாவும் ஆந்தையும் கடல்சங்கும் காபிக் கோப்பையிலும் துணிப்பையிலும் ஓட்டல் தாழ்வாரத்திலும் ஏறி உட்கார்ந்துவிட்டன. “காப்பகத் தூசிக்குள்ளிருந்து மீட்டெடுத்தோம்” என்கிறார் விற்பவர். வாங்குகிறவருக்குக் கண் கலங்குகிறது. எந்தக் கருவியால் மீட்டீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒரு சின்னக் கத்தி, ஐயா. இந்த மறுமலர்ச்சிக்கு மாலை போடுவதென்றால் முதல் மாலை அதற்குத்தான்.

1817 முதல் 1824 வரை பாரிஸில் வெளிவந்தது மலர் ஓவியர் ரெதூத்தேயின் ‘ரோஜாக்கள்’. மூன்று தொகுதிகள், 169 வண்ணப் படங்கள். அந்த ரோஜாக்களைப் பற்றிக் குளோத் அந்துவான் தோரி உட்கார்ந்து எழுதிய உரையும் அதில் உண்டு. முழு நூலாக விற்றால் பெரும் பணக்காரர் ஒருவர் வர வேண்டும். தாள் தாளாக விற்றால் 169 வரவேற்பறைகள் காத்திருக்கின்றன. கூறு போட்டு விற்றால் முழு ஆட்டின் விலையைவிடக் கூடுதலாகத் தேறும் என்பது கசாப்புக் கடையின் அரிச்சுவடி. ஆனால் கசாப்புக்காரர் ஆட்டை மீட்டெடுத்ததாக மேடையேறிச் சொல்வதில்லை; தலையையும் குடலையும் அவர் வீசுவதுமில்லை. இங்கே தோரியின் எழுத்துக்கு வாங்க ஆள் கிடையாது. அது போகும் இடம் குப்பை.

நூலை இப்படிக் கூறு போட்டு விற்பவர்களுக்குப் பழம்புத்தகச் சந்தையில் ‘உடைப்பவர்கள்’ என்றே பெயர். கேட்டால் தயாராக ஒரு நியாயம் வைத்திருப்பார்கள்: “ஏற்கெனவே நாலைந்து தாள் போன பிரதிதானே, இனி முழுசாக வைத்து என்ன செய்வது?” அந்த நாலைந்து தாள் தானாக எழுந்து நடந்து போயிருக்கும் போல.

அமெரிக்கப் பறவைகளை 435 பெருந்தாள்களில் வரைந்து, 1827 முதல் 1838 வரை வெளியிட்டார் பறவை ஓவியர் ஆடுபன். அச்சான பிரதிகள் 200-ஐ எட்டவில்லை. முழுமையாக மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 120. பல பிரதிகள் ஃபிரேம்களுக்குள் சிதறிப்போயின. அப்படி மிஞ்சியதில் ஒன்று 2010-இல் லண்டன் ஏலத்தில் 70 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. வெட்டினாலும் காசு, வெட்டியதால் மிச்சம் அரிதாகிவிட்டால் அதற்கும் காசு. இப்படி இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி அபூர்வம்.

இத்தனைக்கும் இவை சட்டப்படியான வெட்டுகள். சொந்தப் புத்தகம், சொந்தக் கத்தி, கேட்க நீ யார்? பொதுச்சொத்தில் கத்தி வைத்த கதை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நடந்தது. அங்குள்ள கார்னகி நூலகத்தின் அரிய நூல் அறைக்குப் பொறுப்பாளரே நூல்களையும் படத்தாள்களையும் வெளியே கடத்திக்கொண்டிருந்தார். வாங்கி விற்றவர் ஊரறிந்த பழம்புத்தக வியாபாரி. கால் நூற்றாண்டு இது ஓடியது. 2017-இல் காப்பீட்டுக்காக மதிப்பிட வந்தவர்கள் அட்டைகளைத் திறந்து பார்த்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தது. நட்டம் ஏறத்தாழ 80 லட்சம் டாலர். 2020-இல் தீர்ப்பு வந்தது: ஒருவருக்கு மூன்றாண்டு வீட்டுக்காவல், மற்றவருக்கு நான்காண்டு. வீட்டில்! புத்தகங்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு, சுவர், கூரை எல்லாம் வெட்டியவர்களுக்குக் கிடைத்தது.

வெட்டாமல் பார்க்க வழியே இல்லையா? இருக்கிறது, காசில்லாமல். 2013-இல் பிரிட்டிஷ் நூலகம் பழைய நூல்களில் உள்ள பத்து லட்சம் படங்களை இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. பல்லுயிர் மரபு நூலகத்தின் தளத்தில் தாவர, விலங்கியல் நூல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். உரையும் அங்கேயே கிடக்கும். பணம் ஆகாது, நூல் சிதையாது, படிக்கவும் செய்யலாம். இத்தனை குறைகள் உள்ள சரக்கை யார் சீண்டுவார்கள்? ஒரு சிலர் சீண்டுகிறார்கள்: இலவசமாக இறக்கிய படத்தின் குறுக்கே தங்கள் கடைப் பெயரைப் பொறித்து, ‘அரிய சேகரிப்பு’ என்று விலை போடுகிறார்கள். ரசனை முற்றியவர்களுக்கோ அசல் தாளே வேண்டும். பழுப்பேறிய ஓரம், பூச்சி அரித்த துளை, கிழித்தெடுத்த தையல் விளிம்பு. கடைசியில் சொன்னது கொலைத் தடயம். அதற்குத் தனி விலை.

நம் பக்கத்துக் கணக்கும் இதில் உண்டு. மாமல்லபுரம் வரை வந்து வரைந்த ஆங்கிலேய ஓவியர்கள் டேனியல்களின் ‘ஓரியண்டல் சீனரி’ நூலின் 144 படங்கள் எத்தனையோ தோல் சோபாக்களுக்கு மேல் தனித்தனியாகத் தொங்குகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை சென்னையில் 2,101 தாவரப் படங்களைக் கல்லச்சில் வெளியிட்டார். அவருக்கு வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம்மவர்கள். வைட் அவர்கள் பெயரை மறைக்கவில்லை. கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்துவியா’ என்று பெயரிட்டார். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் அதை ‘டிராபிடியா’வில் கரைத்துவிட்டார்கள்.

பழைய படத்தாள்களில் வரைந்தவர் பெயரும் அச்சுக்கு ஏற்றியவர் பெயரும் இருப்பது கீழ் ஓரத்தில், பொடி எழுத்தில். ஃபிரேம் கடையில் மவுண்ட் அட்டை வைக்கும்போது பல நேரம் முதலில் மறைவது அந்த வரிதான். பூ நடுவில் அழகாக உட்கார வேண்டுமே. வாடிக்கையாளர் மறுப்பதில்லை. அவருக்கு அட்டை வெள்ளையா க்ரீமா என்பதுதான் கவலை. க்ரீமே எடுத்துக்கொள்ளுங்கள் சார், திரைச்சீலைக்குப் பொருந்தும்.