எலி மேல பழி

வா மாப்ளே, உக்காரு. உன் முகத்துல இருக்கிற கிரீஸைப் பார்த்தாலே தெரியுது, இன்னிக்கும் வண்டி சொன்ன பேச்சைக் கேக்கலைன்னு. களி இருக்கு, கீரைக் கடைசல் இருக்கு. தின்னுட்டுப் பேசுவோம். பசிச்சவனும் பேட்டரி இறங்கின வண்டியும் ஒண்ணு; யாராவது பின்னால இருந்து தள்ளணும்.

ஒகேனக்கல் சவாரி போனியாமே. பென்னாகரம் தாண்டி ஓடுற வரைக்கும் ஏ.சி. ஜில்லுனு இருந்துச்சு, அங்க போய் வரிசையில நின்னதும் அடுப்படி மாதிரி ஆயிடுச்சா? இடது பக்க சிக்னல் போட்டா ஹெட்லைட்டும் கூடவே கண்ணடிக்குதா? ப்ளோயர் நாலாம் நம்பர்ல மட்டும்தான் சுத்துதா? அடடா, நீ வாங்கினது வேன் இல்ல மாப்ளே, தெருக்கூத்து மேடை. விடிய விடிய ஆட்டம்.

இதுவரைக்கும் என்ன வைத்தியம் பார்த்தே? பேட்டரி புதுசு. டைனமோ புதுசு. கேஸ் ரெண்டு வாட்டி. பலே. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் வீட்டுல கல்யாணம்னா முதல் பத்திரிகை உனக்குத்தான். எலி வயரைக் கடிச்சிருக்கும்னு வண்டிக்குள்ள பொறி வேற வச்சியாம். உன் வாகனத்துக்காகப் பிள்ளையார் வாகனத்தையே கைது பண்ணிட்டே.

கம்பெனிக்காரன் மேலயும் கோபப்படாத. எந்தக் கம்பெனி வண்டின்னு நான் வாயைத் திறக்க மாட்டேன். இருபது வருஷம் ஓடின பிறகு வர்ற வலிக்குப் பெத்தவனைத் திட்டலாமா? 1984ல மாருதி வேன்னு ஒண்ணு வந்துச்சு. பிறகு ஆம்னின்னு பேர் மாறி 2019 வரைக்கும் தயாராச்சு. 796 சிசி இஞ்சின், அதுவும் முன் சீட்டுக்கு அடியில. கம்பெனிக்காரன் கொடுத்தது மூணு முழம் வயர். அதுல பாட்டுப் பெட்டி, சீரியல் பல்பு, மாடு ஹாரன், சாமி படத்துக்கு விளக்குன்னு முப்பது முழம் சேர்த்தது யாரு? நாமதான். நம்ம மாவட்டத்தை 1965ல சேலத்துல இருந்து பிரிச்சாங்க, 2004ல நம்மகிட்ட இருந்து கிருஷ்ணகிரியைப் பிரிச்சாங்க. எங்க பிரிச்சாங்க, எங்க ஒட்டுதுன்னு வரைபடத்துல கோடு இருக்கு. உன் வயரிங்குக்கு எந்த வரைபடம் இருக்கு? டேப்பைப் பிரிச்சாத்தான் வரலாறு தெரியும்.

சரி, கிண்டல் போதும். கொஞ்சம் காதைக் கொடு.

பேட்டரி வாங்கக் கிளம்புறதுக்கு முன்ன மீட்டர் வச்சுப் பார்த்தியா? ராத்திரி முழுக்க சும்மா நின்ன வண்டியில நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழ போனா உள்ள சரக்கு காலி. இஞ்சின் ஓடும்போது 13.8ல இருந்து 14.4 வரைக்கும் காட்டினா டைனமோ ஒழுங்கா வேலை செய்யுது. இது ரெண்டையும் பார்க்க, ஒரு டீ ஆறுற நேரம் போதும். நீ டீயைக் குடிச்சே, மீட்டரை மறந்துட்டே. டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்தா, நம்ம ஊர்ல விளையுதேன்னு புளியைப் போட்டுத் தேய்க்காத, அது பித்தளைக் குடத்துக்கு. இங்க இருக்கறது ஆசிட். அதுக்கு ஆப்பசோடா கலந்த வெந்நீர். கழட்டும்போது மைனஸை முதல்ல கழட்டு. மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டு.

இப்போ அந்தக் கண்ணடிக்கிற கதை. கரன்ட் போற வழியை எல்லாரும் பார்க்கறோம். அது திரும்பி வர்ற வழியை எவன் பார்க்கறான்? வண்டியோட இரும்பு உடம்புதான் திரும்புற வழி. அதைத்தான் எர்த்ங்கறோம். ஏரி மடை அடைச்சுக்கிட்டா தண்ணி சும்மா இருக்குமா? பக்கத்துக் காட்டு வரப்பை உடைச்சுக்கிட்டுப் போகும். சிக்னல் கரன்டுக்குத் தன் எர்த் கிடைக்கலை, ஹெட்லைட் வழியா வரப்பை உடைக்குது. அவ்வளவுதான் உன் கூத்து.

முன்பக்கம் இடது ஹாரனுக்குப் பின்னால கையை விடு. மூணு கறுப்பு வயர் ஒரே போல்ட்டுல வந்து சேரும். அந்தப் போல்ட்டு துருப்பிடிச்சுப் பனைவெல்லம் மாதிரி நிறமாயிருக்கும். கழட்டி, உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சுனு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, இறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவு. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. வயசானவனுக்கு நாலும் தெரியும்.

அந்த மூணு வயர்ல ஒண்ணு ஏ.சி. கண்டன்சர் ஃபேனோடது. வண்டி ஓடும்போது எதிர்க்காத்தே கண்டன்சரை ஆத்திடும். நின்னா ஃபேன்தான் ஆத்தணும். எர்த் இல்லாம ஃபேன் தூங்குது, உள்ள நீ வேகறே. இதுக்குத்தான் கேஸ் ரெண்டு வாட்டி அடிச்சே!

கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர? குழாயைச் சுத்திச் சுத்தி வர்ற சரக்கு அது. குறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். இணைப்புகள்ல எண்ணெய்ப் பிசுக்குல தூசி அப்பிக்கிட்டிருக்கிற இடத்தைத் தேடு, சோப்புத் தண்ணி தடவு. முட்டை விட்டா திருடன் அங்கதான். ரொம்பக் குறைஞ்சிட்டா கம்ப்ரசர் 'டக்'னு சேராது, பிரஷர் சுவிட்சு தடுத்துடும். அந்தக் காலத்துக் கேஸ் ஓசோனை ஓட்டை போடுதுன்னு 1987ல மான்ட்ரியல்ல ஒப்பந்தம் போட்டாங்க. அதுக்கப்புறம் வந்ததுதான் உன் வண்டியில இருக்கிற ஆர்-134ஏ. வானத்து ஓட்டைக்கு உலகமே கூடிச்சு. உன் ரப்பர் வாஷர் ஓட்டைக்கு நீ ஒருத்தன் குனிஞ்சா போதாதா?

ப்ளோயர் நாலாம் நம்பர்ல மட்டும் ஓடுதுன்னா மோட்டார் மேல தப்பில்ல. கீழ் மூணு வேகமும் ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாப் போகும். நாலாவது அதைத் தொடாம நேராப் போயிடும். ரெசிஸ்டர் போச்சு, மாத்து. மாத்தும்போதே உள்ள ஒரு விரலை விட்டுத் துழாவு. வண்டியைப் புளியமரத்து நிழல்ல நிறுத்துறே இல்ல? அந்தப் பொடி இலையெல்லாம் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற சந்து வழியா இறங்கி, உள்ள மெத்தை போட்டுப் படுத்திருக்கும். தண்ணி வடியுற குழாயையும் அதுதான் அடைக்குது. போன மாசம் தீர்த்தமலை போனப்ப முன் சீட்டுல உக்காந்த உங்க அத்தைக்குக் காலெல்லாம் ஈரம். மலை ஏறாமலே தீர்த்தம் கிடைச்சுதுன்னு கும்பிட்டா, பாவம்.

கடைசியா ஃபியூஸ் பெட்டி. 10 ஆம்ப்ஸ் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். அழகுக்குப் பூசின வர்ணமில்ல, வயர் எவ்வளவு தாங்கும்னு போட்ட கணக்கு. ஃபியூஸ் உனக்காகச் சாக வந்தவன். அவனைச் சாக விடலைன்னா வயர் எரியும், பிறகு வண்டியே எரியும். உன் பெட்டியில வைப்பர் ஃபியூஸை வெளிய இழுத்துப் பாரு. ரெண்டு காலையும் சேர்த்துச் செம்புக்கம்பி சுத்தியிருக்கும். இன்னிக்கே பிடுங்கி எறி.

என்ன மாப்ளே, அப்படி முறைக்கிறே? எலிக்குக் கம்பி சுத்தத் தெரியாதுன்னா?

தெரியாதுதான். புரோக்கர்கிட்ட வண்டி வாங்கினியே, அதுக்கு முன்ன அதை யார் ஓட்டினான்னு கேட்டியா? பெயின்டை மாத்திட்டாங்க, டி.என். 29 நம்பரை மாத்தலையே. பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி ஒருத்தர் வண்டி அது. ஆறு வருஷம் அதை ஓட்டினவன் உன் எதிர்ல களி தின்னுக்கிட்டிருக்கான். தொப்பூர் கணவாயில ஒரு ராத்திரி நல்ல மழை, வைப்பர் நின்னுபோச்சு, பின்னால லாரி லாரியா வருது. காலையில மாத்திக்கலாம்னு கம்பியைச் சுத்தினேன்.

அந்தக் காலை இன்னும் விடியல மாப்ளே. இந்தா, சட்டைப் பையில புது ஃபியூஸ் வச்சிருக்கேன். நீ வண்டி வாங்கின அன்னிக்கே வாங்கினது. பொறியில எலி ஏதாவது மாட்டியிருந்தா, போகும்போது அவுத்து விட்டுடு.